தமிழில் கீழ்விரி பட்டியலுடன் கீறிட்ட இடம் நிரப்பும் வினாக்களை அமைப்பது எப்படி?

வினா: விஞ்ஞான ஆசிரியை, வெள்ளவத்தை

அன்பின் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

எங்கள் பாடசாலையின் மூடில் (இணையவழிக் கற்றல் மென்பொருள்) தளத்தில், தரம் 9 மாணவர்களுக்கு ஒவ்வோர் அலகின் முடிவிலும் சிறிய வினாத்தாள் ஒன்றை வழங்கி வருகிறேன். அதில் கீறிட்ட இடம் நிரப்பும் பகுதியில் மாணவர்கள் விடையைத் தாமே தட்டச்சு செய்ய வேண்டும். விடை தெரிந்த பிள்ளைக்கும் தளம் பூச்சியம் வழங்குவதே இப்போதைய பிரச்சினை. ஒருவர் ‘ஒட்சிசன்’ என்றும், இந்தியக் காணொளிகளைப் பார்த்துப் படிக்கும் இன்னொருவர் ‘ஆக்சிஜன்’ என்றும் எழுதுவதை நான் ஓரளவு எதிர்பார்த்தேன். அவற்றை ஏற்கத்தக்க விடைகளாகச் சேர்த்தும் விட்டேன். ஆனால் ‘பௌதிக மாற்றம்’ என்று மிகச் சரியாக எழுதிய சிலருக்கும் பிழை என்றே காட்டப்படுகிறது. திரையில் அவர்களது விடையையும் எனது விடையையும் அருகருகே வைத்துப் பார்த்தாலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே தெரிகின்றன. புள்ளி குறைந்த காரணத்தைப் பெற்றோர் கேட்கும்போது சொல்வதற்கு என்னிடம் விளக்கமில்லை.

ஆகவே, வாக்கியத்தின் நடுவே உள்ள கீறிட்ட இடத்திலேயே ஒரு கீழ்விரி பட்டியலை வைத்து, மாணவர் அதிலிருந்து விடையைத் தெரிவு செய்யும் முறைக்கு மாற எண்ணியுள்ளேன். மூடிலில் இதற்கு எந்த வினா வகை பொருத்தமானது? ஓர் இடைவெளிக்கு எத்தனை தெரிவுகள் தரலாம்? விடை கண்முன்னே இருப்பதால் வினா அளவுக்கு மீறி இலகுவாகிவிடாதா? எமது மாணவர்களில் பெரும்பாலானோர் கைப்பேசியிலேயே வினாத்தாளைச் செய்கின்றனர் என்பதையும் கருத்திற்கொண்டு ஆலோசனை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பதில் 1: இணையவழிக் கற்றல் பிரிவில் பணியாற்றுபவர், கொள்ளுப்பிட்டி

வணக்கம் ரீச்சர். முதலில் ‘பௌதிக’ விவகாரத்தைத் தீர்த்துவிடுவோம்.

ஔகாரக் குறியை உடைய ‘பௌ’ என்ற எழுத்தை ஒருங்குறியில் (யூனிகோட் எனும் எழுத்துக் குறியீட்டு முறையில்) பகரமும் ஔகாரக் குறியுமாக இரண்டு குறியீடுகளால் எழுத வேண்டும். ஆனால் பலர் விசைப்பலகையில் அந்தக் குறியைத் தேடாமல், ‘பெ’ என்று தட்டிவிட்டு அதன் பின்னால் ‘ள’ என்ற தனி எழுத்தைச் சேர்த்துவிடுகின்றனர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கணினிக்கோ பின்னையது ‘பெ’, ‘ள’ என்னும் இரண்டு தனி எழுத்துகள். ‘கொ’ போன்ற ஒகர எழுத்துகளும் இரண்டு விதமாகப் பதிவாகக்கூடும் என்றாலும், அவை சமமானவை என்று ஒருங்குறி விதியே கூறுவதால் மென்பொருள் அவற்றை ஒன்றாக்கிக்கொள்ள முடியும். ஔகாரத்துக்குப் பதில் ளகரம் இட்டதை அவ்வாறு ஒன்றாக்க வழியில்லை. தட்டச்சு வினாவைத் தொடர்ந்து வைத்திருப்பதாயின் இரண்டு வடிவங்களையும் ஏற்கத்தக்க விடைகளாகச் சேர்த்துவிடுங்கள்.

இனிக் கீழ்விரி பட்டியல். மூடிலில் இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ‘செலெக்ட் மிஸ்ஸிங் வேர்ட்ஸ்’ என்ற வினா வகை முதலாவது. பிரித்தானியாவின் திறந்த பல்கலைக்கழகம் உருவாக்கிய இந்த வகை, மூடில் 3.0 பதிப்பிலிருந்து அடிப்படைத் தொகுதியிலேயே இருக்கிறது. தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. வினாப் பந்தியை எழுதி, இடைவெளி வர வேண்டிய இடங்களில் [[1]], [[2]] என்று இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் எண்களை இடுங்கள். கீழே உள்ள தெரிவுகள் பகுதியில் 1 ஆவது பெட்டியில் [[1]] இற்கான சரியான விடையையும், 2 ஆவது பெட்டியில் [[2]] இற்கானதையும் எழுதுங்கள். பந்தியில் எண் இடப்படாத மேலதிகப் பெட்டிகளில் எழுதுபவை பிழையான தெரிவுகளாகப் பட்டியலில் தோன்றும். ஒவ்வொரு தெரிவுக்கும் ஒரு குழு எண் உண்டு. ஓர் இடைவெளியில் அதன் சரியான விடை எந்தக் குழுவில் உள்ளதோ அந்தக் குழுவின் தெரிவுகள் மட்டுமே விரியும். குழு எண்ணை மாற்றாமல் விட்டால் எல்லா இடைவெளிகளிலும் ஒரே பட்டியல்தான் வரும்.

மற்றையது ‘எம்பெடட் ஆன்ஸர்ஸ்’ அல்லது ‘க்ளோஸ்’ எனப்படும் வகை. இதில் பந்திக்குள்ளேயே நெளி அடைப்புக்குறியைத் திறந்து, அந்த இடைவெளியின் புள்ளி நிறை, முக்காற்புள்ளி, வினா வகையின் ஆங்கிலப் பெயர், மீண்டும் முக்காற்புள்ளி, அதன் பின்னர் தெரிவுகள் என்ற வரிசையில் எழுத வேண்டும். சரியான விடையின் முன் சமன் குறியும் தெரிவுகளுக்கிடையே அலைக்குறியும் வரும். ஒவ்வோர் இடைவெளிக்கும் வெவ்வேறு நிறை கொடுக்க முடிவதும், கீழ்விரி பட்டியலையும் தட்டச்சுப் பெட்டியையும் எண் விடையையும் ஒரே பந்தியில் கலக்க முடிவதும் இதன் சிறப்புகள். ஆனால் ஒரு குறி தவறினாலும் பட்டியலுக்குப் பதிலாக முழு நிரலும் மாணவரின் கண்முன்னே வந்து நிற்கும். வேர்டில் தயாரித்ததை அப்படியே ஒட்டினால், கண்ணுக்குத் தெரியாத வடிவமைப்புக் கட்டளைகள் அடைப்புக்குறிக்குள் புகுந்து இதே விளைவை ஏற்படுத்தும். பாமினி எழுத்துருவில் தயாரித்த பழைய வினாத்தாள்களையோ ஒட்டவே வேண்டாம். ஒருங்குறிக்கு மாற்றாவிட்டால் அவை வெறும் ஆங்கில எழுத்துகளாகத்தான் விழும்.

இன்னுமொன்று. சாதாரண ‘க்ளோஸ்’ கீழ்விரி பட்டியல் தெரிவுகளைக் கலைப்பதில்லை. நீங்கள் எழுதிய வரிசையிலேயே காட்டும். சரியான விடையை முதலில் எழுதிப் பழகியவர்களின் மாணவர்கள் அதை வெகு விரைவில் கண்டுபிடித்துவிடுவர். கலைப்பதற்கென்று இருக்கும் தனி வகைப் பெயரைப் பயன்படுத்துங்கள், அல்லது ‘செலெக்ட் மிஸ்ஸிங் வேர்ட்ஸ்’ வகையில் கலைக்கும் தெரிவைச் செயற்படுத்துங்கள். உங்கள் தேவைக்கு இந்த வகையே போதும் என்பது என் கருத்து. எல்லா இடைவெளிகளுக்கும் சம புள்ளி என்பது மட்டுமே அதன் குறை.

பதில் 2: தமிழாசிரியர், பம்பலப்பிட்டி

மேலே கூறப்பட்ட தொழில்நுட்பத்தில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கீழ்விரி பட்டியல் வினாக்கள் தமிழில் இலகுவாகிப் போவதற்குக் காரணம், விடை கண்முன்னே இருப்பது மட்டுமல்ல. வாக்கியத்தின் இலக்கணமே பல வேளைகளில் விடையைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. என்னிடம் சரிபார்க்கத் தரப்படும் மற்றைய பாட வினாத்தாள்களில் நான் அடிக்கடி காண்பது இதுதான்.

வேற்றுமை உருபை இடைவெளிக்கு வெளியே விட்டுவிடுவது மிகப் பரவலான வழக்கம். ‘[[1]]ஐ உறிஞ்சுகின்றது’ என்று எழுதிவிட்டு, தெரிவுகளில் ‘நீர்’, ‘ஒளி’, ‘பச்சையம்’, ‘அமிலம்’ என்று கொடுத்தால், மகர ஈற்றுச் சொற்கள் இரண்டும் அந்த இடத்தில் பொருந்தா. ‘பச்சையத்தை’, ‘அமிலத்தை’ என்று அத்துச் சாரியை பெற்றுத்தான் அவை உருபேற்கும் என்பது இலக்கணம் படிக்காத பிள்ளையின் காதுக்கும் தெரியும். நான்கு தெரிவுகள் இரண்டாகிவிட்டன. விஞ்ஞானம் எதுவும் தெரியாமலே ஒருவர் பாதி வழியைக் கடந்துவிட்டார்.

அடுத்தது ஒற்று. இடைவெளியை அடுத்து ‘ப் பயன்படுத்தி’ என்று ஒற்றை வெளியே எழுதினால், உள்ளே வருவது இரண்டாம் வேற்றுமை ஏற்ற சொல் போன்ற ஒன்று என்பது தெரிந்துவிடும். ஒற்றை விட்டுவிட்டால் வாக்கியம் பிழையாகும். மாணவருக்குப் பிழையான தமிழைப் படிக்கக் கொடுக்கும் உரிமை விஞ்ஞான வினாத்தாளுக்கும் இல்லை. இடைவெளிக்கு அடுத்த சொல் உயிரெழுத்திலோ ந, ம, வ போன்ற வல்லினமல்லாத எழுத்திலோ தொடங்குமாறு வாக்கியத்தைத் திருப்பிவிட்டால் ஒற்றுப் பற்றிய கேள்வியே எழாது. ‘கொண்டு’ என்பதற்குப் பதிலாக ‘மூலம்’, ‘பயன்படுத்தி’ என்பதற்குப் பதிலாக ‘உபயோகித்து’ என்று எழுதினால் பெரும்பாலும் காரியம் முடிந்துவிடும்.

‘ஓர் [[1]]’ என்று எழுதினால் உயிரெழுத்தில் தொடங்கும் தெரிவு மட்டுமே நிற்கும். ‘[[1]] காணப்படுகின்றன’ என்று முடித்தால் பன்மைச் சொல் மட்டுமே நிற்கும். ஆகவே உருபையும் ஒற்றையும் தெரிவுக்குள்ளேயே அடக்கி, எல்லாத் தெரிவுகளையும் ஒரே வேற்றுமையில், ஒரே எண்ணில் எழுதுங்கள். ஒவ்வொரு தெரிவையும் இடைவெளியில் வைத்து வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். பிழையான தெரிவும் பிழையற்ற தமிழாக ஒலிக்க வேண்டும்.

வினா எழுப்பிய ஆசிரியை

இருவருக்கும் மிக்க நன்றி. சொன்னவற்றை அடிப்படையாகக் கொண்டு, இலையில் மாப்பொருள் உள்ளதா எனச் சோதிக்கும் செய்முறையில் ஒரு வரைவை எழுதியுள்ளேன். உருபுகளை இன்னும் மாற்றவில்லை. ஏனைய குறைகளையும் ஒரே தடவையில் அறிந்துகொள்ளும் நோக்கில் அப்படியே இடுகிறேன்.

‘பச்சை இலையொன்றைக் கொதிநீரில் இட்டு எடுத்த பின்னர், [[1]]இல் இட்டு வெப்பமேற்றும்போது அதிலுள்ள [[2]] நீக்கப்படுகின்றது. பின்னர் இலையை நீரினால் கழுவி, [[3]] கரைசலை இடும்போது, [[4]] இருக்கும் இடங்கள் [[5]] நிறமாக மாறும்.’

தெரிவுகள்: அற்ககோல், பச்சையம், அயடீன், மாப்பொருள், கருநீல. எல்லாம் ஒரே குழு.

பதில் 3: விஞ்ஞான ஆசிரியர், மருதானை

ரீச்சர், ஐந்து இடைவெளிகளுக்கு ஐந்தே தெரிவுகள் இருப்பதை முதலில் மாற்ற வேண்டும். நான்கு தெரிந்தவருக்கு ஐந்தாவது இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. அதிலும் இந்தப் பட்டியலில் நிறத்தைக் குறிப்பது ஒன்றே ஒன்று. ‘கரைசல்’ என்ற சொல்லின் முன்னால் இயல்பாக நிற்பவை ஒன்றோ இரண்டோதான். ஒரே குழுவில் எல்லாவற்றையும் போட்டால் இப்படித்தான் ஆகும். வெவ்வேறு வகையான சொற்கள் வரும் இடைவெளிகளுக்கு வெவ்வேறு குழுக்களே பொருத்தம்.

பிழையான தெரிவுகளை வெளியே தேடித் திரிய வேண்டியதில்லை. இந்த அலகைப் படிக்கும் மாணவர் எவற்றை உண்மையில் குழப்பிக்கொள்கிறாரோ அவையே சிறந்த தெரிவுகள். உணவுக் கூறுகளுக்கான சோதனைகள் ஒன்றோடொன்று குழம்புவது நமக்குத் தெரிந்ததுதான். மாப்பொருளுக்கு அயடீன், கருநீலம். குளுக்கோசுக்கு பெனடிக்ற் கரைசல், வெப்பமேற்றும்போது செங்கட்டிச் சிவப்பு. புரதத்துக்கு பையூரெற் சோதனை, ஊதா. காபனீரொட்சைட்டுக்குச் சுண்ணாம்பு நீர் பால் நிறமாவதையும் இவற்றோடு சேர்த்துக்கொள்ளலாம். நான் இவ்வாறு திருத்துவேன்:

‘பச்சை இலையொன்றைக் கொதிநீரில் இட்டு எடுத்த பின்னர், சோதனைக் குழாயொன்றிலுள்ள [[1]] இட்டு, அக்குழாயை [[2]] வெப்பமேற்றும்போது இலையிலுள்ள [[3]] நீக்கப்படுகின்றது. இலையை நீரினால் கழுவி, அதன்மீது [[4]] சில துளிகள் விடும்போது, [[5]] உள்ள இடங்கள் [[6]] மாறும்.’

முதலாம் குழுவில் ‘அற்ககோலில்’, ‘உப்பு நீரில்’, ‘ஐதான அமிலத்தில்’, ‘சுண்ணாம்பு நீரில்’ என்பன வரும். மூன்றாம், ஐந்தாம் இடைவெளிகளுக்கு ஒரே குழு: ‘பச்சையம்’, ‘மாப்பொருள்’, ‘குளுக்கோசு’, ‘புரதம்’. பச்சையத்தை நீக்குவதா மாப்பொருளை நீக்குவதா என்று தடுமாறும் மாணவர் இங்கே அகப்படுவார். நான்காவதற்கு ‘அயடீன் கரைசலில்’, ‘பெனடிக்ற் கரைசலில்’, ‘பையூரெற் கரைசலில்’, ‘சுண்ணாம்பு நீரில்’. ஆறாவதற்கு ‘கருநீல நிறமாக’, ‘செங்கட்டிச் சிவப்பு நிறமாக’, ‘ஊதா நிறமாக’, ‘பால் நிறமாக’. தமிழாசிரியர் சொன்னபடி உருபுகளைத் தெரிவுக்குள் அடக்கியிருக்கிறேன். இடைவெளியை அடுத்து வரும் சொற்கள் எவையும் ஒற்றுக் கேட்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

புதிதாகச் சேர்த்த இரண்டாவது இடைவெளிதான் இந்தப் பந்தியிலேயே பெறுமதியானது என்பேன். அற்ககோல் எளிதில் தீப்பற்றக்கூடியது. ஆகவே அதை நேரடியாகச் சுடரில் வெப்பமேற்றாமல், கொதிநீர் கொண்ட முகவையினுள் குழாயை வைத்தே வெப்பமேற்றுகிறோம். உங்கள் வரைவில் இந்தப் படி விடுபட்டிருந்தது. ‘கொதிநீர் கொண்ட முகவையினுள் வைத்து’, ‘பன்சன் சுடரில் நேரடியாகப் பிடித்து’, ‘கம்பி வலையின் மீது வைத்து’ என்று மூன்று தெரிவுகள் போதும். நான்காவது ஒன்றை எண்ணிக்கைக்காகச் செருகினால் அதை எவரும் தெரிவு செய்யப் போவதில்லை. தெரிவுகள் சற்று நீளமானவை என்பதுதான் என் தயக்கம்.

பதில் 4: இணையவழிக் கற்றல் பிரிவில் பணியாற்றுபவர், கொள்ளுப்பிட்டி

அந்தத் தயக்கம் நியாயமானது. கீழ்விரி பட்டியலின் அகலத்தைப் பொதுவாக அதன் மிக நீண்ட தெரிவே தீர்மானிக்கும். நமது சொற்கள் ஏற்கெனவே நீண்டவை. கைப்பேசித் திரையில் நான்கு சொற் தெரிவொன்று வாக்கியத்தை இரண்டாகப் பிளந்துவிடும், சில வேளைகளில் திரைக்கு வெளியேயும் ஓடிவிடும். இரண்டாவது இடைவெளியை ‘முகவை நீரில் வைத்து’, ‘சுடரில் பிடித்து’, ‘வலைமீது வைத்து’ என்று சுருக்கிக்கொள்ளலாம். ஆறாவதில் ‘நிறமாக’ என்பது நான்கு தெரிவுகளிலும் பொதுவாக இருப்பதால் அதை வெளியே எடுத்துவிடலாம். ‘கருநீல’, ‘செங்கட்டிச் சிவப்பு’, ‘ஊதா’, ‘பால்’ என்பவற்றுள் எதற்குப் பின்னும் நகரம் இயல்பாகவே நிற்கும்.

வினாவைச் சேமித்த பின்னர் கணினியில் முன்னோட்டம் பார்ப்பதோடு நிறுத்தாமல், உங்கள் கைப்பேசியிலும் ஒரு தடவை மாணவராக நுழைந்து செய்து பாருங்கள். சொற்களை இழுத்து இடைவெளியில் விடும் வினா வகையும் மூடிலில் உண்டு, அழகாக இருக்கும். ஆயினும் சிறிய திரையில் விரலால் இழுப்பதைவிடப் பட்டியலைத் தட்டித் தெரிவு செய்வது இலகுவானது. திரைவாசிப்பான் உபயோகிக்கும் மாணவருக்கும் கீழ்விரி பட்டியலே ஏற்றது. இரசாயனச் சூத்திரங்களைத் தெரிவுகளாக வைக்கும்போது மட்டும் கவனம் தேவை. உலாவியின் கீழ்விரி பட்டியல் வெற்று எழுத்தையே காட்டும். தடித்த எழுத்து, கீழெழுத்து வடிவமைப்புகள் அதில் எடுபடா. ஒருங்குறியிலேயே உள்ள ₂, ₃ போன்ற கீழ் இலக்கங்களைப் பிரதி செய்து ஒட்டுவதே வழி.

ஊகித்தல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான்கு தெரிவுகள் கொண்ட ஐந்து இடைவெளிகளில் ஒன்றுமே தெரியாமல் ஊகிப்பவர் சராசரியாக 1.25 இடைவெளிகளைச் சரியாக நிரப்புவார். ஐந்தையும் சரியாக ஊகிப்பதற்கான வாய்ப்பு 1024 இல் ஒன்று. சாதாரண பல்தேர்வு வினாவைவிட இதில் ஊகம் கூடுதலாக உதவுவதில்லை.

பதில் 5: ஓய்வுபெற்ற ஆசிரியர், கொட்டாஞ்சேனை

ஊகத்தைவிட வேறொன்றே எனக்குக் கவலையளிக்கிறது. க.பொ.த. சாதாரண தர விஞ்ஞான வினாத்தாளில் முதலாம் பகுதி 40 பல்தேர்வு வினாக்களைக் கொண்டது; அதற்கு இந்தப் பயிற்சி உதவும். இரண்டாம் பகுதியில் பிள்ளை ‘காபனீரொட்சைட்டு’ என்பதைத் தன் கையால் எழுத வேண்டும். வருடம் முழுவதும் பட்டியலில் பார்த்துத் தட்டிய பிள்ளைக்குச் சொல் தெரியும், எழுத வராது. தட்டச்சில் வந்த சிக்கலுக்காகத் தட்டச்சையே கைவிடுவது எனக்கு உடன்பாடானதல்ல.

ஆகவே ‘க்ளோஸ்’ வகையை அவ்வளவு விரைவாக ஒதுக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஐந்து இடைவெளிகளில் நான்கைப் பட்டியலாகவும், அந்த அலகின் மிக முக்கியமான ஒரு கலைச்சொல்லைத் தட்டச்சுப் பெட்டியாகவும் வைக்கலாம். அந்த ஒரு பெட்டிக்கு ஏற்கத்தக்க எழுத்து வடிவங்களை எல்லாம் சமன் குறியிட்டு ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துவிடலாம்; ‘பௌதிக’ என்பதன் இரு வடிவங்களும் அங்கே இடம்பெறட்டும். ஒரு சொல்லுக்கு இதைச் செய்வது பெரிய சுமையன்று. பெட்டியின் நீளம் விடையின் நீளத்தைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க, அதைவிட நீண்ட பிழையான விடை ஒன்றையும் சேர்த்துவிடுங்கள்.

பதில் 6: தனியார் வகுப்பு நடத்துபவர், கிராண்ட்பாஸ்

மூடில் வசதி இல்லாத என்னைப் போன்றோருக்காக ஒரு குறிப்பு. கூகுள் போமில் கீழ்விரி வினா உண்டு. ஆனால் அதை வாக்கியத்தின் நடுவே வைக்க முடியாது. பந்தியை மேலே விளக்கப் பகுதியில் (1), (2) என்று இலக்கமிட்ட கீறுகளுடன் எழுதி, கீழே ஒவ்வோர் இலக்கத்துக்கும் தனித்தனிக் கீழ்விரி வினாவை அமைக்கிறேன். பந்தி நீண்டால் கைப்பேசியில் மேலும் கீழுமாக உருட்ட வேண்டியிருக்கும் என்பதால் மூன்று இடைவெளிகளுக்கு மேல் வைப்பதில்லை. தமிழாசிரியர் சொன்ன உருபு விடயம் இங்கும் அப்படியே பொருந்துகிறது.

வினா எழுப்பிய ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. அடுத்த அலகுக்கு மருதானை ஆசிரியரின் பந்தியையே ‘க்ளோஸ்’ வகையில் அமைத்து, ‘மாப்பொருள்’ வரும் ஐந்தாவது இடைவெளியை மட்டும் தட்டச்சுப் பெட்டியாக வைக்கப் போகிறேன். அவ்வாறாயின் மூன்றாவது இடைவெளியின் பட்டியலில் அதே சொல் தெரிவாக நிற்பது விடையை எழுதிக் காட்டியது போலாகிவிடுமே? அதை எடுத்துவிட்டால், பச்சையத்தையும் மாப்பொருளையும் குழப்பிக்கொள்பவரைக் கண்டறியும் வாய்ப்பும் போய்விடுகிறது.

பதில் 7: விஞ்ஞான ஆசிரியர், மருதானை

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள் ரீச்சர். அப்படியானால் ஐந்தாவதைப் பட்டியலாகவே விட்டுவிட்டு, நான்காவதைத் தட்டச்சுப் பெட்டியாக்குங்கள். ‘அதன்மீது ______ கரைசலில் சில துளிகள் விடும்போது’ என்று எழுதினால் ‘அயடீன்’ என்ற ஒற்றைச் சொல்லை மட்டுமே எதிர்பார்க்கலாம். ‘அயோடின்’ என்று எழுதுபவருக்கும் சேர்த்து இரண்டு வடிவங்களை இட்டால் போதும். பந்தியின் வேறெந்தப் பட்டியலிலும் அந்தச் சொல் வராது.

மாணவர்கள் செய்து முடித்த பின்னர், மூடிலின் புள்ளிவிபர அறிக்கையில் அந்த வினாவைத் திறந்து, ஒவ்வோர் இடைவெளியிலும் எந்தத் தெரிவை எத்தனை பேர் எடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். மூன்றாவது இடைவெளியில் ‘மாப்பொருள்’ என்று பலர் எடுத்திருந்தால், செய்முறையை ஆய்வுகூடத்தில் மீண்டும் ஒரு தடவை செய்து காட்ட வேண்டியிருக்கும். ‘புரதம்’ என்பதை எவருமே எடுத்திருக்காவிட்டால், அடுத்த வருடம் அதை நீக்கிவிட்டு வேறொன்றை இடுங்கள்.